அய்யாக்கண்ணுவின் கை ராசி

திருமயத்தைச் சுற்றிய ஊர்களில் அய்யாக்கண்ணுவைக் கை ராசிக்காரர் என்றுதான் சொல்வார்கள். சமஸ்தானத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு, சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளுக்கு அம்மை குத்துவது அவர் உத்தியோகம். மற்றவர்கள் குத்தினால் கை வீங்கும், காய்ச்சல் அடிக்கும், குத்தின இடம் பழுத்துப் பொருக்குத் தட்டி வட்டத் தழும்பாக நிற்கும். அய்யாக்கண்ணு குத்தினால் ஒன்றுமே ஆகாது. மறுநாளே பிள்ளை புழுதியில் உருளும். இதைவிட ஒரு பெருமை கிடையாது என்று அந்த மனிதர் மீசையைத் தடவிக்கொண்டு திரிந்தார்.

அவர் மனைவி சொர்ணவல்லிக்கு இந்தக் கை ராசியைக் கேட்டாலே எரிச்சலாக வரும். சின்ன வயதில் அவளுக்கு யாரோ குத்தி, கையைத் தூக்க முடியாமல் கிடந்தது இன்னும் நினைவில் இருந்தது. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு கொப்புளம்கூடக் கிளம்பவில்லை என்றால், மருந்து செத்துப் போயிருக்கிறது என்றுதானே அர்த்தம்? செத்ததற்குக் காரணமும் அவள் அடுப்படியிலேயே இருந்தது. அம்மைப்பால் என்கிற அந்த மருந்து சூடு தாங்காது, ஈரத்துணி சுற்றிய பானைக்குள் வைத்துக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லி மேலிடத்தில் ஒரு சின்ன மண்பானையும் கொடுத்திருந்தார்கள். அதில் இப்போது புளி இருந்தது.

"பானையைத் தொங்கவிட்டுக்கிட்டுப் போனா மோர் விக்கிறவன்னு நெனைப்பாங்கடி. எனக்குன்னு ஒரு மருவாதி இருக்குல்ல?" என்றார் அய்யாக்கண்ணு. அந்த மரியாதையைக் காப்பாற்றுவதற்காக மருந்தைத் தோல்பையில் போட்டு, பங்குனி வெயிலில் பொழுதுக்கும் வேகவைத்துக் கொண்டு அலைந்தார். தம்முடைய ஒரே மகள் அமிர்தவல்லிக்கும் அதைத்தான் குத்தினார். ஊர் பார்க்கட்டும் என்று சாவடி முன்னால் வைத்து முதல் ஆளாக அவளுக்குக் குத்தினார். நாலு வயதுப் பிள்ளை திமிறாமல் பிடித்துக்கொண்டவள் சொர்ணவல்லி.

அந்த வருடம் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. குத்திக்கொண்ட வீடுகளில் எத்தனை பேருக்கு அம்மை கண்டது, குத்திக்கொள்ளாத வீடுகளில் எத்தனை பேருக்குக் கண்டது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நியாயமான கேள்விதான். அதை அய்யாக்கண்ணுவிடம் கேட்டதுதான் கோளாறு.

அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருக்கும். அந்த வீட்டுக்குள் அந்நியர் கால் வைப்பதில்லை. ஊரில் பாதிப் பேருக்கு ஊசி என்றாலே ஆகாது, மாரியாத்தா கோபித்துக்கொள்வாள் என்ற பயம். அவர்கள் ஒரு சுலபமான வழி கண்டுபிடித்திருந்தார்கள். அய்யாக்கண்ணுவின் சைக்கிள் தெருமுனையில் தெரிந்ததும் வாசலில் வேப்பிலையைச் செருகிவிடுவார்கள். அவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

இப்போது கணக்கெடுக்கப் போனபோதும் அதே சைக்கிள், அதே வேப்பிலை. வேப்பிலை இருந்தால் அம்மை, இல்லாவிட்டால் அம்மை இல்லை. இறங்கி நின்று ஒரு வார்த்தை கேட்க அவருக்கு உடம்பு வணங்கவில்லை. குத்திக்கொண்ட வீடு ஒன்றில்கூட வேப்பிலை இல்லையாம், குத்திக்கொள்ளாத வீடெல்லாம் வேப்பிலையாம். இருக்காதா பின்னே? குத்திக்கொண்டவன் யாருக்குப் பயந்து வேப்பிலை செருகப் போகிறான்? இப்படி ஒரு வெற்றியை எங்கும் பார்த்ததில்லை என்று டவுனிலிருந்த அதிகாரி பாராட்டி எழுதினார். அய்யாக்கண்ணுவுக்குத் தலைகால் புரியவில்லை.

ஊருணிக்குத் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில், பக்கத்துத் தெரு ராக்காயிதான் விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"ஒங்க வீட்டுக்காரரு சைக்கிளைக் கண்டா எங்களுக்கு வேப்பமரத்துக்குத்தேன் மொத ஓட்டம்" என்று குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

சொர்ணவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பி வரும்போது வேப்பிலை தொங்கிய வாசல்களை மெதுவாகக் கடந்தாள். வீட்டுக்கு வீடு கடுகு தாளிக்கிற வாசனை மூக்கைத் துளைத்தது. அம்மை கண்ட வீட்டில் எவளாவது தாளிப்பாளா?

அன்றைக்கே புருசனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, அந்த வேப்பிலையெல்லாம் பொய்யிங்க. நீங்க குத்துன மருந்து ஒருத்தருக்கும் வேலை செய்யலை. நம்ம பிள்ளைக்காவது புதுசா மருந்து வாங்கியாந்து குத்துங்க. ஒங்க கால்ல விழுறேன்."

"மறுபடி குத்துனா மொதத்தடவை குத்துனது என்னாச்சுன்னு ஊரு கேக்காதா? அதிகாரியே எழுதிட்டாரு. ஒனக்கு என்னாடி தெரியும்?"

இதற்கு மேல் அந்த மனிதரிடம் என்ன பேசுவது? சித்திரையில் நிஜமாகவே அம்மை வந்தது. இந்தத் தடவை வேப்பிலை வீடுகளில் தாளிப்பு வாசனை இல்லை. அய்யாக்கண்ணு குத்தின பிள்ளைகளுக்கும் வரிசையாக முத்துப் போட்டது. அவர் அசரவில்லை. எந்தப் பிள்ளைக்கு அம்மை கண்டதோ, அது மருந்தைக் கழுவித் துடைத்த பிள்ளை, அதனால் குத்தாத பிள்ளை என்று சொல்லிவிட்டார். அம்மை வராத பிள்ளை மட்டும் குத்தின பிள்ளை. இந்த விதிப்படி பார்த்தால் அவர் கை ராசிக்கு எந்தக் காலத்திலும் பங்கம் வராது.

கடைசியில் அமிர்தத்துக்குக் கண்டது.

பிள்ளைக்குக் கண் திறக்க முடியாமல் போன அன்றைக்குத்தான் அதிகாரி வந்து இறங்கினார். அய்யாக்கண்ணு வீட்டு வாசலில் வேப்பிலையைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"என்னய்யா, உம்ம வீட்டிலேயேவா? பிள்ளைக்குக் குத்தலையா?"

அய்யாக்கண்ணு ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"வீட்டுல விடலைங்க ஐயா. எவ்வளவோ சொன்னேன். பொம்பளை பேச்சு, சாமி குத்தம் கீமி குத்தம்னு தடுத்துப்புட்டா."

உள்ளே பிள்ளைக்கு வேப்பிலையால் வீசிக்கொண்டிருந்த சொர்ணவல்லிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து வாசலுக்கே வந்துவிட்டாள்.

"பொய்யிங்க! இவருதான் சாவடி முன்னாடி குத்துனாரு. நான்தான் பிடிச்சுக்கிட்டேன். மருந்துப் பானையை வீட்டுல போட்டுட்டு வெயில்லயே கொண்டுபோனாருங்க. மத்த ஊருப் பிள்ளைகளுக்காவது நல்ல மருந்தா அனுப்புங்க ஐயா!"

அதிகாரி அவளைப் பார்த்தார், அய்யாக்கண்ணுவைப் பார்த்தார். சாவடியில் நாலு பேரைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். ஆனால் பாராட்டி எழுதினவர் அவரே அல்லவா?

"பெத்த வயிறு, பதற்றத்துல என்னத்தையாவது சொல்லும்" என்று அய்யாக்கண்ணுவின் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். அடுத்த வாரமே கை ராசிக்காரர் அதே பையை மாட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பினார். தூ!

அமிர்தம் பிழைத்துக்கொண்டாள். முகம் முழுக்க அம்மைத் தழும்பு, இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது. யார் கேட்டாலும் அய்யாக்கண்ணு கூசாமல் அதே கதையைச் சொன்னார். சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டார் போலிருந்தது. பத்து வருடம் கழித்து, பெண் பார்க்க வந்தவர்களிடமும் சொன்னார். "ஊருக்கெல்லாம் குத்துனேன், என் வீட்டுலதான் முடியலை." அவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு, சொல்லி அனுப்புவதாகச் சொல்லிப் போனார்கள். யாரும் சொல்லி அனுப்பப் போவதில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அமிர்தம் பட்டுப் புடவையைக்கூட மாற்றாமல் அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"ஏன் ஆத்தா, அன்னைக்கு அப்பா குத்த வந்தப்ப நீ விட்டிருக்கலாம்ல?"

சொர்ணவல்லி கூடத்தில் இருந்த புருசனைப் பார்த்தாள். அவர் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை.

"குத்துனாருடி. நான்தான்டி ஒன்னையப் பிடிச்சுக்கிட்டேன்" என்றாள் சொர்ணவல்லி.

அமிர்தம் ரவிக்கைக் கையை மேலே சுருட்டி, தோளைத் தாயின் முன்னால் நீட்டினாள்.

"அப்ப குத்துன தழும்பு எங்க?"