சும்மா செய்த வேலைக்குச் சம்பளம்

எண்ணூர் முகத்துவாரத்தில் மணல் எங்கே மேடிட்டிருக்கிறது என்று படகுக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள நானும் என் நண்பனும் ஒரு செல்போன் செயலி எழுதினோம். அவன் எண்ணூர்க் குப்பத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. நான் திருவொற்றியூர். மாதவரத்தில் ஒரு லாரி கம்பெனியில் இருவருக்கும் கம்ப்யூட்டர் வேலை. செயலியின் நிரலை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம் என்று இணையத்தில் திறந்து வைத்திருந்தோம். முகம் தெரியாதவர்கள் எங்கிருந்தெல்லாமோ திருத்தங்கள் அனுப்பினார்கள். யாருக்கும் காசில்லை.

பிறகு ஒரு நிறுவனம் வந்தது. இப்படி உழைப்பவர்களுக்குச் சம்பளம் வேண்டாமா என்று ஒரு பெண்மணி வீடியோவில் கனிவாகப் பேசினார். நண்பன் லாரி கம்பெனியை விட்டுவிட்டு முழு நேரமாகச் சேர்ந்தான். நான் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மட்டும் ஒப்புக்கொண்டேன்.

முதலில் அவர்கள் எதுவுமே கேட்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. பிறகு, வெளியார் திருத்தங்களைத் தாங்கள் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும் என்றார்கள். வெளியார் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். அடுத்து, செயலியை மூடியிருந்தாலும் படகு நிற்கும் இடம் தங்களுக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும் என்றார்கள். யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். பாதுகாப்புக்காக என்று மட்டும் பதில் வந்தது.

ராயபுரத்தில் டீ குடிக்கும்போது, இதைச் சேர்க்கவே கூடாது என்று நண்பனிடம் சொன்னேன்.

"சேத்துட்டேன் மாமு. தங்கச்சிக்கு நிச்சயம் வெச்சிகீது. இப்ப போயி வேலைய வுட சொல்றியா?"

"உங்கப்பா போன்லயும் அது கீதுடா."

அவன் டீக்குக் காசு கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தான்.

வீட்டுக்கு வந்து அந்தப் பகுதியை நீக்கப் பார்த்தேன். எனக்கு அனுமதி இல்லை என்று திரை சொன்னது. என்னிடமிருந்த பழைய நிரலை வேறு பெயரில் வெளியிட்டு, இதற்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று குப்பத்தில் வீடு வீடாகக் கேட்டேன். சிலர் மாற்றினார்கள். மீன் பிடிக்கிறவன் எங்கே போகிறான் என்று தெரிந்து எவனுக்கு என்ன ஆகப்போகிறது என்று நண்பனின் அப்பா சிரித்தார்.

மழைக்காலம் முடிந்ததும் அவரே என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு வெள்ள மோட்டார் போட்டு, நைனா. நாங்க வல போடற எடத்துல முன்னாடியே வந்து நின்னுகினு கீது. மீனும் புடிக்கல, ஒண்ணும் கேக்கல. நாங்க நவுந்தா அதுவும் நவுருது."

அவர் போனிலிருந்து அந்தச் செயலியை நீக்கினேன். மறுநாள் கடலுக்குப் போய் வந்தவர், அந்த போட்டு இன்று தன் பக்கம் வரவில்லை என்றார். பகலெல்லாம் தன் தம்பியின் படகுக்குப் பக்கத்தில் நின்றிருந்ததாம்.