மாமா கழற்றிப் போட்ட கயிறு

என் மகனுக்குத் தொட்டில் கட்டிய அன்று, அவனைப் போடுவதற்கு முன் ஓர் அரிசி மூட்டையைத் தூக்கிப் போட்டு, அறுந்து விழுகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கணவர் சிரித்தார். கொஞ்சம் அதிகமாகத்தான் போகிறோமோ என்று எனக்கே தோன்றியது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "மூட்டைய ஒரு ஆட்டு ஆட்டிப் பாரு" என்றாள். அப்போதுதான் மாமாவின் கயிறு ஞாபகத்துக்கு வந்தது.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. ஸ்ரீவில்லிபுத்தூரில் தாயில்லாமல் அம்மாவின் இடுப்பிலேயே வளர்ந்தவர். போலீஸ் வேலைக்கு எழுது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, ராமேசுவரம் பக்கம் ஒரு கடற்கரையில் பட்டம் விடச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் போய்விட்டார். சாதாரணப் பட்டம் இல்லை. ஓர் அறை அகலத்துக்குத் துணிப்பட்டம். அதன் நான்கு கயிறுகளும் வந்து சேரும் கம்பைப் பிடித்துக்கொண்டு, காலில் பலகையை மாட்டிக்கொண்டு, காற்று இழுத்த இழுப்புக்குக் கடல்மேல் சறுக்கிப் போகவேண்டும். அம்மா அதைப் பார்த்ததில்லை. பார்க்காததாலேயே அவள் மனதில் அது இன்னும் உயரத்தில் நடந்தது.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். ஆனி மாதக் காற்று. கயிறுகளைக் கடற்கரையில் வைத்து மாற்றினால் முடிச்சுக்குள் மணல் ஏறும் என்று, பட்டத்தோடும் புதுக் கயிறுகளோடும் ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார் மாமா. அவற்றைத் தெருக்கோடியில் இருந்த மிலிட்டரிக்காரர் வீட்டுக் கேட்டில் மாட்டி, எங்கள் வாசல்வரை இழுத்து, நான்கும் ஒரே நீளமா என்று பார்த்தார். சிவப்புத் துண்டோடு நின்று வண்டிகளை நிறுத்துவது என் வேலை.

"ஏலே, எம்புட்டுச் சேலை காயப்போடப் போற?" என்றார் மிலிட்டரிக்காரர்.

"ஒங்க யூனிபாரத்தையும் கொண்டாங்க பெரியப்பா, எடம் கெடக்கு."

மாமா கழற்றிப் போட்டிருந்த பழைய கயிறுகளை அம்மா எடுத்துப் பார்த்தாள். ஒன்றில் மட்டும் ஓரிடத்தில் நூல் பிரிந்து பஞ்சாக நின்றது.

"ஒண்ணுதான நைஞ்சிருக்கு. நாலையும் எதுக்கு மாத்துற?"

"மத்த மூணும் இழுபட்டு நீண்டிருக்கும்க்கா. ஒண்ண மட்டும் புதுசாப் போட்டா பட்டம் ஒரு பக்கமா இழுக்கும்."

அம்மாவின் விரல் நைந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

"அப்ப, இம்புட்டு நாளும் இதுலதான் தொங்குனியா?"

மாமாவுக்குப் பொய் வராது. "உறுதியான கயிறுக்கா" என்று மட்டும் சொன்னார்.

"நீ ஒண்ணும் அங்க போவேண்டாம்."

அம்மா "போயிட்டு வா" என்று சொல்லாமல் மாமா எங்கள் வீட்டிலிருந்து ஊருக்குக் கிளம்பியதில்லை. காற்றடிக்கும் மாதங்களில்தான் அங்கே வேலை. மறுநாள் போய்ச் சேராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று கெஞ்சினார். அம்மா அவர் சோற்றில் குழம்பை ஊற்றினாள். மாமா பாதிச் சோற்றில் எழுந்து கடைத்தெருவுக்குப் போய்விட்டார்.

அவர் போனதும் அம்மா நைந்த கயிற்றைக் கொல்லையில் வேப்பமரத்துக்கும் தண்ணீர்த்தொட்டித் தூணுக்கும் நடுவே கட்டினாள். போன வாரம் துவைத்த ஜமுக்காளங்களை மறுபடியும் நனைத்து, பிழியாமல் அதில் போட்டாள். கயிறு வளைந்தது, அறுபடவில்லை. ஜமுக்காளங்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, நைந்த இடத்தில் ஒரு குடம் தண்ணீரைத் தொங்கவிட்டாள். அதையும் தாங்கியது. பிறகு குடத்தை இறக்கிவைத்து, இரண்டு பக்கமும் பார்த்தாள். முந்தானையைக் கையில் சுற்றி, கயிற்றைப் பிடித்து, கால் இரண்டையும் தூக்கிக்கொண்டாள்.

பின்கதவில் நின்ற எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மா விளையாடி நான் பார்த்ததே இல்லை.

"அம்மா, எனக்கும்! எனக்கும்!"

"போடி அங்கிட்டு. விழுந்து வைக்கப் போற."

மறுநாள் காலை புளிச்சோற்றுப் பொட்டலத்தை மாமா கையில் வைத்து, "போயிட்டு வா. கயித்த அப்பப்பப் பாத்துக்க" என்றாள்.

"என்னக்கா, ராத்திரியில மனசு மாறிட்டு?"

அம்மா சொல்லவில்லை. நான் சொல்லிவிட்டேன். "மாமா, அம்மா உங்க கயித்துல ஊஞ்சல் ஆடுனா!"

மாமா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தபடியே கொல்லையை எட்டிப் பார்த்தார். ஈரம் காயாத ஜமுக்காளங்களையும் கீழே இருந்த குடத்தையும் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. திரும்பி வந்து அம்மாவின் கைகளைப் பிடித்து விரித்தார். இரண்டு உள்ளங்கையிலும் குறுக்கே சிவப்பாய் ஒரு கோடு.

"என்னக்கா இது" என்றார். கண் கலங்கியிருந்தது.

எனக்கோ ஒரே ஆத்திரம். ஆடியது முழுக்க அம்மா. என்னை ஒரு தடவைகூட ஆடவிடவில்லை. அதைக் கேட்காமல், அவள் கையைப் பிடித்துக்கொண்டு இந்த மாமா எதற்காக அழுகிறார்?