கண்ணை மூடி நிற்கும் பரீட்சை

அந்த நாளில் சிங்கப்பூரில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வேலை பார்ப்பவனுக்குப் பாதி மரியாதை கோட்டால் வந்தது, மீதி மரியாதை அரிசியால் வந்தது. ஆலையில் பளபளவென்று தீட்டிய சயாம் பச்சரிசி சாப்பிட்டால் கிராணி. புழுங்கலரிசி சாப்பிட்டால் கூலி. இந்தச் சட்டத்தை யார் போட்டார்களோ தெரியாது. என்னைப்போல் பயபக்தியோடு அதைக் கடைப்பிடித்தவன் சிராங்கூன் சாலையில் வேறொருவன் இல்லை. என் மனைவிக்கோ புழுங்கல் சோறுதான் இறங்கும். அதனால் வீட்டில் இரண்டு பானை வெந்தது. விருந்தாளி வந்தால் அவள் பானையை மூலையில் மறைத்துவைக்கச் சொல்வேன்.

ஒன்றரை வருஷம் போனது. என் பாதங்களில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. பிறகு எறும்பும் போய்ப் பாதமும் போய்விட்டது. குனிந்து பார்த்தால் இருக்கும், அவ்வளவுதான். ஒரு நாள் கடைத்தெருவிலிருந்து ஒற்றைச் செருப்போடு வந்து சேர்ந்தேன். இன்னொன்று எங்கே என்று மனைவி கேட்ட பிறகே எனக்குத் தெரியும்.

அந்தச் சமயம் பார்த்துத்தானா என் தற்காலிக வேலையை நிரந்தரமாக்க அலுவலகத்துக்கு மனம் வரவேண்டும்? டாக்டர் சான்றிதழ் கொடுத்தால் வேலை. இல்லாவிட்டால் ஊருக்குக் கப்பலேற வேண்டியதுதான். டாக்டர் கண்ணை மூடி நிற்கச் சொல்வார் என்று பக்கத்து மேசைக்காரர் சொன்னார். இது என்ன பிரமாதம் என்று அன்று மாலையே வீட்டில் நின்று பார்த்தேன். கண்ணை மூடியதும் தரை காணாமல் போயிற்று. பச்சரிசி மூட்டைமேல் குப்புற விழுந்தேன். தரை கோணல் என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையை மனைவி சொல்லாமல் விட்டது அவள் பெருந்தன்மை.

மறுநாளிலிருந்து என்னை அவள் சும்மா உட்காரவிடவில்லை. காலையில் ஜாலான் புசார் வரை நடந்து திரும்ப வேண்டும். காலைப் பார்த்துப் பார்த்துத்தான் அடி வைக்க முடிந்தது. எதையோ தொலைத்துவிட்டேன் என்று எண்ணி, எதிரே வந்தவர்களும் குனிந்து தேடினார்கள். ஒருவர் பாதி வழி கூடவே தேடிக்கொண்டு வந்துவிட்டு, அப்புறம்தான் என்ன தொலைந்தது என்று கேட்டார். மாலையில் ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் கண்ணை மூடி நிற்பேன், அவள் எண்ணுவாள். நான் ஆட ஆரம்பித்தால் எண்ணிக்கை வேகம் பிடிக்கும். விழுவதற்குள் எப்படியாவது பத்து வந்துவிடும். எனக்கு அது தெரியும். ஆனால் ஆட்சேபிக்கவில்லை.

பரீட்சையன்று காலையில் டிரங்குப் பெட்டிச் சாவியைக் காணோம். நல்ல கோட்டு பெட்டிக்குள். பொறுப்பில்லாதவள் என்று அவளை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் பழைய கோட்டோடு போனேன். வெள்ளைக்கார டாக்டர் துரை காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். உள்ளேயிருந்து சாவி ‘ணங்’கென்று தரையில் விழுந்தது. இரண்டு மைல் அதன்மேல்தான் நடந்து வந்திருக்கிறேன்! துரை சாவியைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடச் சொன்னார். என்னைத் தாங்கிப் பிடித்தவர் டாக்டருக்கு உதவியாக அங்கிருந்த டிரெஸ்ஸர், நம் ஊர்க்காரர்.

என்ன அரிசி என்று துரை கேட்டார். பெருமையாகவே சொன்னேன். மனைவி என்ன அரிசி என்று கேட்டார். நாக்கூசிக்கொண்டே புழுங்கல் என்றேன். அவள் கால் எப்படி என்று கேட்டார். அவள் கால் நன்றாகத்தான் இருந்தது. இது பெரிபெரி, தீட்டிய அரிசியால் வருவது என்று இப்போது தெரிகிறது, மனைவி சாப்பிடுவதையே சாப்பிடு, நடையை விடாதே, மூன்று மாதம் கழித்து வா என்று சொல்லி அலுவலகத்துக்கும் அப்படியே எழுதினார்.

வீட்டுக்கு வந்து சாவியைக் கொடுத்தேன், விஷயத்தையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“கூலிக்காரங்க சோறுங்க. உங்களுக்கு எறங்குமா?” என்று மட்டும் கேட்டாள்.

இறங்கியது. இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினேன். அவள் பானையை ஒளித்துவைக்கச் சொன்ன ஒவ்வொரு நாளும் ஞாபகம் வந்து, அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

மூன்று மாதம் கழித்து அதே அறையில் வெறுங்காலோடு கண்ணை மூடினேன். கொஞ்சம் ஆடினேன், விழவில்லை. எண்ணி வேகம் கூட்ட அங்கே யாரும் இல்லை. அப்போது பாதத்துக்கு அடியில் என்னவோ போலிருந்தது. யாரோ தண்ணீர் கொட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. என்னவென்று டிரெஸ்ஸர் கேட்டார்.

“தரை சில்லுன்னு இருக்குங்க.”

நல்ல மனுஷர். ஓடிப்போய் ஒரு பாய் கொண்டுவந்து காலடியில் விரிக்கப் பார்த்தார்.

“பாய் வேணாங்க. இப்படியே கொஞ்சம் நிக்கிறேன்” என்றேன்.

கண்ணைத் திறக்கலாம் என்று துரை சொல்லி வெகுநேரம் ஆகியிருந்தது.