முனிர்காவில் வாடகை அறை

ஹாங்காங்கிலிருந்து ஒரு வாரம் தில்லி வந்திருக்கிறேன். அங்கே ஒரு செயலிக்காக, பார்வையற்றவர்களைக் குறிக்கும் கான்டனீஸ் சொற்களைத் தவிர்க்க வேண்டியவை, மரியாதையானவை என்று பிரித்து அடுக்குவது என் வேலை.

இன்று முனிர்காவில் என் தோழியின் தங்கை செல்விக்கு அறை தேடுகிறோம். மதுரைப் பெண், இங்கே ஆராய்ச்சி மாணவி. பிறவியிலேயே பார்வை இல்லை. நாளை விடுதியைக் காலி செய்தாக வேண்டும்.

வீட்டுக்கார அம்மாள் எங்களை உட்காரவைத்து டீ கொடுக்கிறார். 'குருட்டு அக்கா' என்று இந்தியில் கூவிய பேத்தியை அதட்டுகிறார்.

"சீ, அப்படிச் சொல்லாதே! திவ்யாங் தீதின்னு சொல்லு." தெய்வ உடல் கொண்ட அக்கா; மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு வைத்த மரியாதைப் பெயர்.

பிறகு செல்வியின் கையைப் பிடித்துக்கொள்கிறார். "மகளே, மாடிப்படி செங்குத்து. கேஸ் அடுப்பு வேற. ஏதாவது ஆச்சுன்னா போலீஸ் எங்களத்தானே கேட்கும்?"

காலையிலிருந்து ஏறி இறங்கிய வீடுகளிலெல்லாம் இதே உபசாரம், இதே பதில்.

சந்துக்கு வந்ததும் செல்வி கேட்கிறாள். "ஹாங்காங்ல எங்கள என்னன்னு சொல்வாங்கக்கா?"

"சி சேங் யான் சி. பார்வைத் தடையுள்ள அன்பர்னு வெச்சுக்கோயேன்."

"அடேங்கப்பா, அன்பரா! அன்பருக்கு அங்க ரூம் குடுப்பாங்களா?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை நாளில் நான் யாரிடமும் அதைக் கேட்டதில்லை.

அவள் வெள்ளைக்கோலை மடித்துப் பைக்குள் திணித்து, ஜிப்பை இழுத்து மூடுகிறாள்.

"அடுத்த வீட்டுக்கு நீங்க மட்டும் போய்ப் பேசுங்கக்கா. நான் இங்கயே நிக்கிறேன். என்னப் பத்தி ஒரு வார்த்தையும் சொல்லாதீங்க."