காய்வதற்குள் படி

என் அண்ணன் ஒருமுறை, முதுகில் ‘இவர்’ என்று எழுதிய அட்டையோடு ஆபீசுக்குப் போய்விட்டு வந்தான். ஒட்டிவிட்டது அண்ணி. முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு ‘நான், நீ, இவர், கூட, வா’ என்று அடிக்கடி வரும் சொற்களை, எழுத்துக் கூட்டாமல் பார்த்த மாத்திரத்தில் படிக்கப் பழக்குவது அவள் வேலை. ஒத்திகைக்கு வீட்டில் ஆள் வேண்டாமா? சாயங்காலம் வந்து குதித்தவனிடம், “மரியாதையாத்தானே எழுதியிருக்கேன்?” என்றாள்.

அதே பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர் நான். அண்ணி தேற்றி அனுப்பும் பிள்ளைகள் என்னிடம்தான் வருவார்கள். எனக்கு மூக்கு நுனியில் கோபம். அவளுக்கு அது எங்கே இருக்கிறதென்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அவளுடைய சொத்தே அந்தச் சொல்லட்டைகள்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தன் கையால் எழுதியவை. ஓரம் நைந்து, மை படிந்து கிடந்தாலும் உயிர். நான் தொட்டால்கூட, “நாத்தனாரே, கை கழுவினியா?” என்பாள்.

சென்ற ஆண்டு அவள் வகுப்பில் இரட்டைப் பிள்ளைகள். கொஞ்சம் முந்திப் பிறந்த அண்ணனை ‘ரேடியோ’ என்போம், வாய் ஓயாது. தங்கை ‘பூனை’. அவன் பக்கத்தில் இல்லையென்றால் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். ஆனால் அண்ணி அட்டையைத் தூக்கிய கையோடு அவளிடமிருந்து பதில் வந்துவிடும். அண்ணிக்குப் பெருமை தாங்காது.

ஆண்டு முடிவில் தலைமையாசிரியை சோதிக்க வந்தார். அவர் கையில் அச்சடித்த புத்தம்புது அட்டைகள். ரேடியோ கடகடவென்று படித்துவிட்டான். பூனை வாயே திறக்கவில்லை.

“அடுத்த வாரம் இன்னொரு தடவை பாக்கறேன். அப்பவும் வரலேன்னா பொண்ணு ஒண்ணாவதுலயே இருக்கட்டும் டீச்சர், பையன் மட்டும் மேல போகட்டும்” என்றார்.

பூனை அண்ணனின் சட்டை நுனியைப் பிடித்தவள் விடவே இல்லை.

அவர் போனதும் அண்ணி தன் பழைய அட்டை ஒன்றை எடுத்தாள். “இது என்ன கண்ணு?”

“வீடு.”

“எப்படிக் கண்டுபிடிச்சே?”

“இங்க டீ கொட்டியிருக்கில்ல?”

“அப்ப இது?”

“கூட. மூலை கிழிஞ்சிருக்கு.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அண்ணி சிரிக்கவில்லை. “வருஷம் பூரா நான் கறையைத்தான் சொல்லிக் குடுத்திருக்கேன்” என்றாள். கண் கலங்கியிருந்தது. என் சிரிப்பும் அடங்கிப்போனது.

“விடுங்க அண்ணி, அவளுக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி.”

“ஜாஸ்திதான். அதனாலதான் விடமாட்டேன்.”

மறுநாள் அட்டைகளை அலமாரியில் பூட்டிவிட்டு, ஒரு வாளித் தண்ணீரும் வெள்ளையடிக்கும் பிரஷ்ஷுமாக மைதானத்தின் சிமெண்டுத் தரைக்குப் போனாள். தண்ணீரைத் தொட்டுத் தரையில் ‘வா’ என்று எழுதினாள். “காயறதுக்குள்ள படிக்கணும், ஓடிவாங்க!” அதே சொல்லை அடுத்து ஆளுயரத்துக்கு எழுதினாள், பிறகு பொடிப்பொடியாக, பிறகு கோணலாக. கறையும் கிழிசலும் எங்கே ஒட்டும்? பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெயில் குடித்துவிடுமே.

முதல் நாள் பூனை தரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் எழுத்தின் பின்னாலேயே தவழ ஆரம்பித்தாள். ஒருநாள் பிரஷ்ஷைப் பிடுங்கித் தானே எழுதினாள். என் வகுப்புப் பிள்ளைகளெல்லாம் சன்னலில் தொங்கின. கத்திக் கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். கடைசியில் நானும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கினேன்.

சோதனை நாளன்று தலைமையாசிரியை ஒவ்வொரு அட்டையாகக் காட்டினார். பூனையின் குரல் எழும்பவில்லை, ஆனால் பதில் வந்தது. ‘எங்கே’யில் மட்டும் திணறி நின்றாள். தலைமையாசிரியை அட்டைகளைக் கீழே வைத்துவிட்டார். அண்ணி என் கையை நெரித்த நெரிப்பில் வளையல் அழுந்தியது.

அவர் ஒரு வெள்ளைத் தாளை இழுத்து ஏதோ எழுதினார். அவர் கையெழுத்து மருந்துச் சீட்டு மாதிரி, எனக்கே பிடிபடாது. அதைப் பூனையின் முன்னால் தள்ளினார்.

“நீ... உன்... அண்ணன்... கூட... போ.”

படித்துவிட்டு, அடுத்ததற்காகக் காத்திருந்தாள். யாரும் எதுவும் காட்டவில்லை. மறுபடி தாளைப் பார்த்தாள்; உதடுகள் மெல்ல அசைந்தன. அது தனக்கு எழுதியது என்று அப்போதுதான் உறைத்தது. தாளைத் தூக்கிக்கொண்டு கதவுக்கு ஓடினாள். அவள் குரல் பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டது:

“டேய் அண்ணா! நானும் வரேன்டா!”