டவுனில் கவாத்து

நான் எடுத்த வீடியோ ஒன்றை டில்லியில் உட்கார்ந்து யாரோ தடை செய்துவிட்டார்கள் என்று ஒரு சாயங்காலம் முழுக்க நம்பினேன். நம்பினேன் என்றால் மேலோட்டமாக இல்லை. அந்த யாரோவுக்குக் கண்ணாடி உண்டு, மேசைமேல் ஆறிப்போன டீ உண்டு, திரையில் என் முகம் உண்டு. அதுவும் ஆதார் அட்டையில் இருக்கிற முகம், நானே பார்த்தால் போலீஸுக்குச் சொல்லிவிடுகிற மாதிரி.

இத்தனைக்கும் நான் வர்க்கி சுட்டு விற்கிறவன். வர்க்கி, எங்கள் மலையில் டீயோடு தின்கிற அடுக்கு ரொட்டி. கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் உதிர்ந்து கையோடு வந்துவிடும். என் தைரியமும் அதே மாவில் செய்ததுதான்.

என் கடை பஜார் முக்கில் இருக்கிறது. மாடியில் மைதா மூட்டை அடுக்குகிற அறை, அதில் ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் நேர் கீழே நாலு ரோடு சேருகிற இடம். அன்றைக்குத் தேயிலை விவசாயிகள் அங்கேதான் கூடினார்கள். பச்சை இலைக்குக் கட்டுபடியாகிற விலை வேண்டும் என்பது கோரிக்கை. பறித்த இலையை ஃபேக்டரிக்குக் கொண்டுபோகாமல் மூட்டை மூட்டையாக நடுரோட்டில் கொட்டினார்கள். அவர்களில் என் மச்சினனும் ஒருவன், என் சம்சாரத்தின் தம்பி. டவுனுக்கு வெளியே சரிவில் சின்னதாக ஒரு தோட்டம் வைத்திருக்கிறான். வாயைத் திறந்தால் இலை விலை, மூடினால் உர விலை.

நான் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு போனை மட்டும் ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன். வீரர்கள் இப்படித்தான் படம் எடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் கோஷம். பிறகு தள்ளுமுள்ளு. பிறகு லத்தி. முழங்காலுக்குக் கீழேதான் அடிக்க வேண்டும் என்று விதி இருக்கிறதாம். அப்படித்தான் அடித்தார்கள். ஒரு பெண், என் கடையில் வாரம் தவறாமல் வர்க்கி வாங்குகிறவர், கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு இலைக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். போனை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். கோபத்தில் பாதி, பயத்தில் பாதி என்று சொல்லிக்கொள்ளலாம். பயம் பாதிக்குக் கொஞ்சம் மேலேயே இருக்கும்.

கூட்டத்தைக் கலைத்து, ஆட்களை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மச்சினனும் ஏறினான். அதில் எனக்குக் கவலை இல்லை. போராட்டத்தில் பிடித்தவர்களைக் கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்து, சாம்பார் சாதம் போட்டு, பொழுது சாயும்போது விட்டுவிடுவது நம் ஊர் வழக்கம். மச்சினன் போன தடவை பாயசம் இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டு வந்தவன்.

வீடியோவை எங்கே போடுவது? மச்சினன் என்னையும் என் சம்சாரத்தையும் சேர்த்துவிட்டிருந்த விவசாயிகள் குழு ஒன்று போனில் இருந்தது. அதில் போட்டேன். சும்மா போட்டிருக்கலாம். என் நாக்கு சும்மா இருக்காது, விரல் மட்டும் இருக்குமா? மேலே ஒரு தலைப்பு வைத்தேன்: 'டவுனில் கவாத்து.'

கீழே சமவெளியில் கவாத்து என்றால் போலீஸ் பரேடு. எங்களுக்குக் கவாத்து என்றால் ஓங்கி வளர்ந்த தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவது. போலீஸுக்குப் போலீஸ், முழங்காலுக்கு முழங்கால். என்னை நானே முதுகில் தட்டிக்கொண்டேன். நாளைக்கு மாநிலம் முழுக்க இந்த வார்த்தையைத்தான் பேசப்போகிறது என்று கல்லாவில் வந்து உட்கார்ந்தேன்.

யாரும் பேசவில்லை. ஒரு கைதட்டல் பொம்மை இல்லை, ஒரு கண்ணீர் பொம்மை இல்லை. குழுவில் காலையில் யாரோ விற்கப் போட்ட மருந்தடிக்கிற பம்புக்குக்கூட ஏழெட்டுப் பேர் பதில் போட்டிருந்தார்கள். அப்புறம் நெட்டும் நின்றது. சுற்று சுற்று என்று சுற்றி, கடைசியில் சுற்றுவதையும் விட்டுவிட்டது.

அப்போதுதான் அந்தக் கண்ணாடிக்காரர் என் மண்டைக்குள் வந்து உட்கார்ந்தார்.

என் சம்சாரம் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். போய்ச் சொன்னேன். "என்ற வீடியோவ முடக்கிட்டாங்க. ஊரு நெட்டையே நிறுத்திட்டாங்க."

"ஏனுங்க, காட்டெருமை போஸ்ட்டுல முதுகு சொறிஞ்சு கேபிள் அத்துப்போச்சுன்னு பக்கத்துக் கடையில சொல்றாங்க."

"அப்படித்தான் சொல்லச் சொல்லுவாங்க."

"காட்டெருமைகிட்டயும் சொல்லி வெச்சுட்டாங்களாக்கும்?"

அவளுக்கு அரசியல் தெரியாது என்று முடிவு செய்துகொண்டு வெளியே பார்த்தேன். கடை வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது.

அடுத்து நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை. குழுவில் போட்ட வீடியோவை அழுத்தினேன். எப்படி அழிக்கட்டும் என்று போன் ஏதோ கேட்டது. எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லும் நிலைமையில் நான் இல்லை. விரல் பட்ட இடத்தில் அழுத்திவிட்டேன். பிறகு போனையே வாங்கிய நாளைப்போல வெறுமையாக்கினேன். அதைக் கொண்டுபோய் வர்க்கி டப்பாவின் அடியில் புதைத்தேன். சின்ன வெங்காயத்தை மறைக்கிற எலி மாதிரி என்று சம்சாரம் பிற்பாடு சொன்னாள்.

உள்ளே வந்தவர் ஒரு கான்ஸ்டபிள். நொண்டிக்கொண்டு வந்தார்.

"அண்ணாச்சி, அரைக்கிலோ வர்க்கி. நல்லா முறுகலா பாத்துப் போடுங்க."

தெற்கத்திக் குரல். என் கைக்கு அகப்பட்டது போன் புதைத்த டப்பா. அதைத் திறக்காமல் அடுத்த டப்பாவுக்குத் தாவியதில் தராசு ஆடியது. பேச்சு கொடுத்தால் சந்தேகப்படமாட்டார் என்று ஏதாவது கேட்க வேண்டியிருந்தது.

"கால்ல என்னங்க சார்?"

"அதை ஏன் கேக்கீய. ரோடு முழுக்க இலையைக் கொட்டி வச்சிருக்கான். பூட்ஸ் வழுக்கி மடேர்னு விழுந்தேன். எங்க ஊர்ல இலைன்னா சோறு போடுவாங்க, காலை வாராது."

சிரித்தேன். தேவைக்கு மேலேயே சிரித்தேன். ஜீப் போனதும் மைதா மூட்டை மேல் உட்கார்ந்து, இத்தனை நாள் காப்பாற்றிய தெய்வங்களுக்கெல்லாம் தனித்தனியாக நன்றி சொன்னேன்.

நன்றி சொல்லி முடிப்பதற்குள் சம்சாரத்தின் போன் அடித்தது. விவசாயிகளுக்காக வாதாடுகிற வக்கீலம்மா. மண்டபத்தில் எல்லோரையும் விட்டுவிட்டார்கள், மச்சினனை மட்டும் விடவில்லை. கல் எறிந்து ஒரு போலீஸ்காரரின் காலைக் காயப்படுத்தினான் என்று வழக்கு. காலையில் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்துவார்கள். அவன் எறியவில்லை என்று காட்ட எதுவும் இல்லாவிட்டால் நேராகக் கோயமுத்தூர் ஜெயில்.

நான் எடுத்த படம் அப்போதுதான் கண்முன் ஓடியது. அதில் மச்சினன் தெளிவாக இருந்தான். தலையில் இலை மூட்டை, இரண்டு கையும் மூட்டையைப் பிடித்தபடி. லத்தி காலில் விழுகிறது, மூட்டை சரிகிறது, சிதறிய இலைமேல் கால் வைத்து ஒரு போலீஸ்காரர் வழுக்கி விழுகிறார். கல் எறிய அவனுக்கு மூன்றாவதாக ஒரு கை வேண்டும்.

சம்சாரம் கையிலிருந்த மாவைத் துடைத்தாள். "ஏனுங்க, நீங்க மாடியில நின்னு எடுத்தீங்கல்ல. போனக் குடுங்க."

"டப்பாவுல இருக்குது."

"சரி, எடுங்க."

"போன் இருக்குது. வீடியோதான் இல்ல."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலை. "எந்தம்பி உங்களை மாமா மாமான்னு எத்தனை நம்புறான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட ஆரம்பித்தாள். அன்றைக்கு அந்த முக்கில் போனை நீட்டாத கை இல்லை. ஆனால் யாரிடமும் படம் இல்லை. மத்தியானமே ஸ்டேஷனிலிருந்து ஒவ்வொரு குழுவை நடத்துகிறவருக்கும் ஒரு போன் வந்திருக்கிறது. மிரட்டல் எல்லாம் இல்லை. 'தேவையில்லாத படமெல்லாம் இருந்தா எடுத்துருங்க, பின்னாடி உங்களுக்குத்தான் சிரமம்.' அவ்வளவுதான். குழுக்காரர்கள் குழுவில் அழித்தார்கள், போட்டவர்கள் தங்கள் போனில் அழித்தார்கள். எங்கள் விவசாயிகள் குழுவை நடத்துகிற உரக்கடைக்காரரும் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் அழித்ததாகச் சொன்னார்.

டில்லிக் கண்ணாடிக்காரருக்கு வேலையே இருந்திருக்காது. அவர் டீயைச் சூடாகவே குடித்திருக்கலாம். நாங்களே ஆளாளுக்கு அவர் வேலையைச் செய்து முடித்திருந்தோம், அதில் நான்தான் முதல் மாணவன்.

காலையில் வர்க்கி கருகியது. நெட் வந்துவிட்டிருந்தது, கம்பத்தைச் சரி செய்தவர்கள் காட்டெருமையின் முடியைக்கூடப் பார்த்தார்களாம். சம்சாரத்தின் போனில் குழுச் செய்திகள் படபடவென்று இறங்கின. அதில் ஒரு குரல் பதிவு, இத்தலார் கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் போட்டது.

"ஏனுங்க, நேத்து ஒருத்தரு 'டவுனில் கவாத்து'ன்னு ஒண்ணு போட்டிருந்தீங்க. என்ற தோட்டத்துலயும் வெட்டோணும், கத்தி எப்படிப் புடிக்கறதுன்னு பாக்கலாம்னு தொறந்தனுங்க. கடைசி வரைக்கும் பாத்துட்டேன். செடியே வரலைங்க. வெறும் போலீஸ்தான் வருது. மாத்திப் போட்டுட்டீங்களாட்ட இருக்குது, பாருங்க."

சம்சாரம் என்னைப் பார்த்தாள். நான் போனைப் பிடுங்கினேன். மேலே தள்ளத் தள்ள, பம்பு விற்பனைக்குக் கீழே அது இருந்தது. என் வீடியோ. திறப்பதற்கு முன்னால் தெரிகிற படத்தில் ரோட்டில் கொட்டிய பச்சை இலை மட்டும், மேலே என் தலைப்பு. பார்க்கிறவனுக்கு அது செடி வெட்டக் கற்றுத் தருகிற வீடியோ. உரக்கடைக்காரர் போராட்டப் படங்களைத் தேடித் தேடி அழித்தபோது, கவாத்துக்கும் போலீஸுக்கும் என்ன சம்பந்தம் என்று இதைத் தாண்டிப் போயிருக்கிறார். கைதட்டல் வராததற்கும் அதுதான் காரணம். எங்கள் குழுவில் மாசத்துக்கு நாலு பேர் கவாத்து வீடியோ போடுவார்கள், யார் பார்க்கிறார்கள்?

"நீங்க அழிச்சுட்டேன்னீங்களே" என்றாள்.

"அழிச்சனே. போன் ஏதோ கேட்டுது, அமுக்கினேன்."

போனை வாங்கி, தான் முன்பு யாருக்கோ அனுப்பிய ஒரு வீடியோவை அழிக்கப் போவதுபோல எனக்குக் காட்டினாள். இரண்டு வழி இருந்தது. எல்லாருக்கும் அழி, எனக்கு மட்டும் அழி. "உங்களுக்கு மட்டும் அழிச்சிருக்கீங்க. உலகத்துல எல்லாருகிட்டயும் இருக்குது, உங்ககிட்ட மட்டுந்தான் இல்ல."

அதற்குமேல் என்னை நம்பி எதையும் தரவில்லை. அவளே தன் போனில் இறக்கி, வக்கீலம்மாவுக்கு அனுப்பி, கோர்ட்டுக்குப் போனையும் என்னையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

"எடுத்த போன் எங்கீங்க?" என்றார் வக்கீலம்மா.

கொடுத்தேன். கையில் வாங்கியவர் தன் கறுப்புக் கோட்டில் உதிர்ந்த வர்க்கித் தூளைத் தட்டிவிட்டார்.

மாஜிஸ்ட்ரேட் அம்மா வீடியோவை இரண்டு தடவை பார்த்தார். இரண்டாவது தடவை, மூட்டை சரிகிற இடத்தில் நிறுத்தி, மச்சினனின் கைகளைப் பார்த்தார். பிறகு காயம்பட்ட கான்ஸ்டபிளை, முந்தின நாள் என் கடையில் வர்க்கி வாங்கிய அதே ஆளை, கூப்பிட்டு எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டார். அவர் என்னையும் வக்கீலம்மாவையும் தன் அதிகாரியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இலையில வழுக்கி விழுந்துட்டேம்மா" என்றார்.

மச்சினனை ஜெயிலுக்கு அனுப்பவில்லை. அன்றைக்கே ஜாமீனில் விட்டார்கள். "மாமா, நீங்களா எடுத்தீங்க?" என்று வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் அக்கா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிற்பாடு வழக்கிலிருந்து கல் போய்விட்டது. ரோட்டை மறித்தது மட்டும் இருக்கிறது, வாய்தா வாய்தாவாகப் போய்க்கொண்டிருக்கிறது. இலை விலை ஏறவில்லை. அந்த வீடியோவை யாரும் தடை செய்யவில்லை. கோர்ட்டுக்குப் போகும்வரை என்னையும் என் சம்சாரத்தையும் வக்கீலம்மாவையும் தவிர அதைப் பார்த்தவர் ஒரே ஒருவர், இத்தலார்ப் பெரியவர். அவரும் செடியைத் தேடித்தான் பார்த்தார்.