ஈரல் மாத்திரை டப்பாவின் பின்பக்கம்

இன்று நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

என் அப்பாவுக்கு, எங்கள் அய்யாவுக்கு, ஈரல் வீக்கம். ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்திவிட்டு, சாயல்குடியில் ஒரு கடைக்காரர் கொடுத்த ஈரல் சத்து மாத்திரையைச் சாப்பிடுகிறார். கண் மஞ்சளாகிக்கொண்டே வருகிறது.

அய்யாவையும் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். “இது மருந்து இல்லை, எந்த நோயையும் குணமாக்காதுன்னு போட்டிருக்குண்ணே.”

“அது சட்டத்துக்காகப் போடுறது ஆத்தா. ஆஸ்பத்திரி மருந்துதான் ஈரலக் கெடுக்கும்.”

“இதையே எங்க டாக்டர்ட்ட சொல்லுங்க. போன் போட்டுத் தாரேன்.”

“கடை அடைக்கிற நேரமாச்சு.”

அய்யா டப்பாவை மேசையில் வைத்துவிட்டு, “வா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்” என்றார்.

உங்கள் ஊர்க் கடைகளை எப்போது அடைப்பார்கள்? இங்கே சாயங்காலம் நான்கு மணிக்கே விளக்கை அணைத்துவிட்டார்கள்.